கூடமா, வரவேற்பறையா?

உண்டி, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்த வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று பாடநூல்கள் காலங்காலமாகச் சொல்லி வருகின்றன. உண்டியைப் பற்றி எண்ணும்போது அதை உண்பவரை எவரும் மறப்பதில்லை. நோயாளிக்குக் கஞ்சி, குழந்தைக்குப் பால், உழைத்துக் களைத்தவருக்குச் சோறு என்று ஆளறிந்தே பரிமாறுவர். உடையும் அத்தகையதே. அளவெடுக்காமல் துணி வெட்டும் தையற்காரரிடம் எவரும் இரண்டாம் முறை போவதில்லை. உறையுள் ஒன்றில் மட்டும் இம்முறை தலைகீழாகி விடுகிறது. வீட்டில் வாழ்பவர் யாவர், அவர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார், அங்கே என்ன செய்வார் என்னும் கேள்விகள் எழுவதே இல்லை. ‘வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?’ என்னும் ஒரே கேள்விக்கு விடையாகவே சிங்கப்பூர்த் தமிழர் பலருடைய வீடு அமைந்து விடுகிறது. இது சிறு பிழையன்று. இதற்கு விலை கொடுப்பவர்கள், வீட்டில் குரல் தாழ்ந்தவர்களான மாணவரும் முதியோரும் சமையலறையில் நிற்பவருமே ஆவர்.

சொல்லில் தொடங்கிய மாற்றம்

பழந்தமிழ் வீட்டின் பகுதிகளுக்கு அமைந்த பெயர்களைச் சற்றே நினைவுகூர்தல் வேண்டும். திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்பன அவை. ஒவ்வொரு பெயரும் ஒரு வேலையைச் சுட்டியது. வழிப்போக்கரும் அண்டை வீட்டாரும் அமரத் திண்ணை. வெயிலும் மழையும் காற்றும் உள்ளே இறங்க முற்றம். வீட்டார் ஒன்றுகூடி உண்ணவும் உறங்கவும் பேசவும் கூடம். கூடம் என்று சொன்னவுடனேயே கூடுதல் என்னும் பொருள் தமிழ்ச் செவியில் ஒலிக்கிறது.

அந்தக் கூடத்தின் இடத்தில் இன்று ‘வரவேற்பறை’ வந்து அமர்ந்திருக்கிறது. பெயர் மாறியபோது உரிமையாளரும் மாறிவிட்டார். கூடம் வீட்டாருடையது, வரவேற்பறையோ வெளியிலிருந்து வருபவருடையது. வீட்டின் ஆகப் பெரிய அறைக்கு, அங்கே வாழாத ஒருவரை முன்னிட்டுப் பெயர் வைத்த பின்னர், அறையின் அமைப்பும் அவரை முன்னிட்டே அமைவதில் வியப்பென்ன?

பழைய வீட்டைக் குறையற்றதெனப் புகழ்ந்து பாடுவதும் பொருந்தாது. அதில் அடுக்களையே பெண்ணின் உலகமாக இருந்தது. சாதி பார்த்துத் திண்ணையோடும் வாசலோடும் நிறுத்தப்பட்டோர் பலர். அக்குறைகள் ஒழிந்தது நன்று. ஆயினும் அக்குறைகளோடு சேர்த்து, ‘இந்த இடம் இன்ன வேலைக்கு’ என்னும் தெளிவையும் தூக்கி எறிந்தது நன்றன்று.

கழகம் தருவது சுவர்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீ ஆயிரக்கணக்கானோரை வீடற்றவராக்கியது. தலைக்கு மேல் ஒரு கூரை என்பதே அன்று முதல் தேவை. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் அறிமுகமாயிற்று. 1968இல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. மக்கள் சிலருக்கே கைகூடிய சொந்த வீடு என்னும் பேறு இந்நாட்டில் பெரும்பாலோர்க்கும் கிட்டியது. இது போற்றத்தக்க சாதனை.

ஆயினும் கழகம் கட்டுவது பல்லாயிரம் குடும்பங்களுக்கும் பொதுவான அளவுச் சட்டை. இன்று கட்டப்படும் நாலறை வீட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். மூன்று படுக்கையறையும் ஒரு பொது அறையும் சேர்ந்து நாலறை எனப்படுகின்றன. அந்த 90 சதுர மீட்டரில் இரவுப்பணி செய்யும் தந்தை இருப்பாரா, நடக்கத் தடுமாறும் பாட்டி இருப்பாரா, தேர்வுக்குப் படிக்கும் மகள் இருப்பாளா என்பதைக் கழகம் அறிய வழியில்லை. அறிந்தவர் வீட்டார். கழகம் தருவது சுவர். அச்சுவர்களுக்குள் வீட்டை அமைக்க வேண்டியவர் குடும்பத்தார். அந்தக் கடமையை அவர்கள் புதுப்பிப்புக் குத்தகையாளரிடமும், மாதிரி வீட்டின் படங்களிடமும், பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒப்படைத்து விடுவதே குற்றம்.

ஒரு வீடு, ஐந்து பேர்

ஐவர் வாழும் ஒரு நாலறை வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். தந்தைக்கு இரவுப்பணி, காலையில் வந்து பகலில் உறங்குகிறார். தாய்க்குப் பகலில் அலுவலகம், மாலையில் அடுப்பு. பாட்டிக்கு முழங்கால் வலி. இரவில் மூன்று முறை எழ வேண்டும். மகள் உயர்நிலை நான்காம் வகுப்பு; ஆண்டிறுதியில் தேர்வு. மகன் தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பு.

இக்குடும்பம் வீட்டைப் புதுப்பிக்கிறது. வரவேற்பறையின் ஒரு சுவர் முழுதும் தொலைக்காட்சிக்கென்று பலகை வேலைப்பாட்டோடு அலங்கரிக்கப்படுகிறது. அதற்கெதிரே ஆறு பேர் அமரும் மெத்தை நாற்காலி. பக்கத்தில் எடுத்து உண்ணப்படாத பீங்கான் தட்டுகளுக்கு ஒரு கண்ணாடி அலமாரி. குளியலறை இணைந்த பெரிய படுக்கையறை, குடும்பத் தலைவர் என்னும் முறையால் தந்தைக்கும் தாய்க்கும். பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எஞ்சிய இரண்டு அறைகள். சமையலறைச் சுவர் ‘இடம் பெரிதாகத் தெரியும்’ என்பதற்காக இடிக்கப்படுகிறது.

குடிபுகும் நாளில் வந்தோர் அனைவரும் பாராட்டுகின்றனர். அவர்கள் விடைபெற்றுச் சென்ற பின்னர்தான் வாழ்க்கை தொடங்குகிறது. தொலைக்காட்சிச் சுவருக்கு மறுபுறம் தந்தையின் தலைமாடு. மிளகாய் தாளித்த நெடி மெத்தை நாற்காலியிலும் திரைச்சீலையிலும் படிகிறது. பாட்டி இருளில் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டின் மறுகோடிக்கு நடக்கிறார். தம்பி உறங்க வேண்டிய நேரத்தில் அக்காவுக்கு விளக்கு வேண்டும். படுக்கையின்மேல் குனிந்து எழுதும் அப்பிள்ளையின் குறிப்பேடு கோணிப் போகிறது. அது அவளுடைய கவனக்குறைவு என்று வீட்டார் கண்டிக்கின்றனர். இடம் தராதவர்கள் கவனத்தை மட்டும் எங்ஙனம் எதிர்பார்க்கலாம்?

நூற்றில் ஒரு பங்கு

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் எனக் கணக்கிட்டு, ஆண்டில் இருபது நாள் விருந்தினர் வருவதாகவும், வரும்போதெல்லாம் நான்கு மணி நேரம் இருப்பதாகவும் கொள்க. மொத்தம் 80 மணி நேரம். ஆண்டின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 80 மணி நேரத்திற்காக வீட்டின் ஆகப் பெரிய அறை ஒதுக்கப்படுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. மாணவர் ஒருவருக்கு வேண்டிய மேசையின் நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர். அதன் பரப்பு 0.72 சதுர மீட்டர். நாலறை வீட்டின் 90 சதுர மீட்டரில் இதுவும் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவே. ஆண்டின் நூற்றில் ஒரு பங்கு நேரம் வருபவருக்கு ஓர் அறையே கிடைக்கிறது; ஆண்டு முழுதும் வாழும் பிள்ளைக்கு வீட்டின் நூற்றில் ஒரு பங்கு இடம் கிடைப்பதில்லை. இடம் போதவில்லை என்று சொல்பவர்கள் இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். போதாதது இடமன்று.

எழக்கூடிய மறுப்புகள்

விருந்தோம்பல் தமிழர் பண்பு, அதை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பர். விட வேண்டியதில்லை. விருந்தினருக்குத் தனி அறை ஒதுக்கிப் பூட்டி வைத்ததால் அப்பண்பு வளரவில்லை. வீட்டார் உண்ட கூடத்திலேயே இன்னோர் இலை போட்டதால் வளர்ந்தது. வருபவர் மதிப்பது பரிமாறும் கையையும் பேசும் முகத்தையுமே. சுவர் அலங்காரத்தைப் பார்த்து மதிப்பவர் விருந்தினர் அல்லர், மதிப்பீட்டாளர். மதிப்பீட்டாளருக்காக வீடு கட்டுபவர் தம் வீட்டிலேயே குடிக்கூலிக்காரராகி விடுகிறார்.

நாளை விற்கும்போது நல்ல விலை கிடைக்க வேண்டாமா என்பது இரண்டாம் மறுப்பு. விற்பனைக்கென்றே வைத்திருக்கும் பண்டத்தைக் கடைக்காரரும் பயன்படுத்துவதில்லை. புதிய வீட்டை வாங்கியவர் குறைந்தது ஐந்து ஆண்டு அதில் வாழ்ந்த பின்னரே விற்க முடியும் என்பது பொதுவான விதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்திருக்கும். என்றோ வாங்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக அந்த ஆண்டுகளைப் பலியிடுவது எவ்வகை ஆதாயம்?

மனைநூல் மரபு வேறு சொல்கிறதே என்பது மூன்றாம் மறுப்பு. மரபின் வேர் எது என்று கண்டு பின்பற்றுவதே மரபுக்குச் செய்யும் மரியாதை. நூலறிந்தோர் கயிறிட்டு, ஞாயிற்றின் போக்கையும் நிழலையும் நோக்கித் திசை அறிந்து அரண்மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகிறது. ஞாயிறும் காற்றுமே அந்நூலறிவின் ஆசான்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகையே வடக்கில் இருக்கிறது. இங்கு மேற்குச் சுவர் பிற்பகல் முழுதும் வெயிலை வாங்கி மாலையில் அறைக்குள் உமிழும். பள்ளி விட்டு வந்த பிள்ளையை அந்த நேரத்தில் அச்சுவரோரம் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வது எந்த மனைநூலுக்கும் ஏற்காது. எதிரெதிர்ச் சாளரங்களுக்கு இடையே உயர்ந்த அலமாரியை நிறுத்திக் காற்றை மறித்துவிட்டுக் குளிரூட்டிக்குக் கட்டணம் கட்டுவதும் அத்தகையதே.

சுவர்களை விருப்பம்போல் மாற்ற முடியாதே என்பது நான்காம் மறுப்பு. இதில் பாதி உண்மை. பாரம் தாங்கும் சுவரை இடிக்க முடியாது. மற்றச் சுவர்களை இடிக்கவும் கழகத்தின் இசைவு வேண்டும். 1997ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்திற்குப் பின் வந்த வீடுகளில் உள்ள புகலிட அறையின் சுவரிலும் கதவிலும் கை வைக்கலாகாது. எனினும், மேலே கண்ட ஐவர் குடும்பத்தின் தவறுகளில் ஒன்றைத் தவிர மற்றவை சுவரால் நேர்ந்தவை அல்ல. யாருக்கு எந்த அறை, எந்தப் பொருள் எந்தச் சுவரில் என்பவற்றால் நேர்ந்தவை. அவற்றை மாற்ற இசைவு வேண்டா. அளவுநாடாவும் ஒரு தாளும் போதும்.

அடுப்படியின் அடிகள்

சமையலறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1926இல் மார்கரெட் லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக்கலைஞர் செர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எடுக்க எங்கே கை நீட்டுகிறார் என்று கணக்கிட்டு அது அமைக்கப்பட்டது. சமைப்பவரின் நேரத்துக்கும் காலுக்கும் மதிப்பு உண்டு என்று ஒரு வரைபடம் முழங்கியது அன்றே. குளிர்பெட்டி, கழுவுதொட்டி, அடுப்பு ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாகக் கொண்டு நடையைக் குறைக்கும் முறை 1940களில் அமெரிக்காவில் உருவாகிப் பரவியது.

ஆயினும் பிராங்பர்ட் சமையலறையை அப்படியே கொண்டுவருவதும் பிழையே. அது ஒருவர் தனித்து நின்று சமைக்க அமைந்தது. தமிழ் வீட்டில் தாய் தாளிக்க, பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அவருக்கு அங்கே ஓர் இருக்கை வேண்டும். அந்த வீட்டுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி போதும். இந்த வீட்டில் எண்ணெய் காயும், மிளகாய் வெடிக்கும். ஆகவே அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துச் சமையலறைச் சுவரை இடிப்பவர் தம் உணவையே மறந்தவராவர். கடன் வாங்கத்தக்கது முறை, வடிவமன்று. நடப்பவரின் அடிகளை எண்ணியதுதான் முறை.

வாழ்விலிருந்து வரைபடம்

அந்த ஐவர் குடும்பம் தம் வீட்டை எவ்வாறு அமைத்திருக்கலாம்? புதுப்பிக்கும் முன் ஒரு வாரம், யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று தாளில் குறித்திருந்தால் விடை தானே புலப்பட்டிருக்கும். இணைந்த குளியலறை, இரவில் மூன்று முறை எழும் பாட்டிக்கே முதலில் தேவை. பெரிய படுக்கையறை அவருக்கும், அவரைப்போலவே முன்னிரவில் உறங்கும் பேரனுக்கும் உரியது. 2012இல் அறிமுகமான திட்டத்தின்கீழ் முதியோர் வாழும் வீடுகளில் கைப்பிடிகளும் வழுக்காத தரையும் அமைத்துக்கொள்ள அரசு உதவுகிறது, அதையும் பெறலாம். கூடத்தின் ஓசை எட்டாத அறை பகலில் உறங்கும் தந்தைக்கு. எஞ்சிய அறை மகளுக்கும் அவளுடைய மேசைக்கும். தலைவர் என்பதால் பெரிய அறை என்னும் வழக்கம் போய், தேவை என்பதால் உரிய அறை என்னும் முறை வரும்.

பொது அறையில் தொலைக்காட்சி, படுக்கையறைகளை ஒட்டாத சுவருக்குப் போகட்டும். கண்ணாடி அலமாரி இருந்த இடத்தில் நூலடுக்கு வரட்டும். சாளரத்தின் அருகே ஒரு நீண்ட மேசை போடப்படட்டும். அம்மேசையில் காலையில் இட்டலி, மாலையில் மகனின் வீட்டுப்பாடம், இரவில் அனைவர்க்கும் உணவு. சமையலறைச் சுவர் நிற்கட்டும். இசைவு பெற்று அதில் ஒரு கண்ணாடிச் சாளரம் வைத்தால் நெடி உள்ளே நிற்கும், பேச்சும் பார்வையும் வெளியே வரும். அப்போது வரவேற்பறை மறைந்து கூடம் மீண்டும் பிறக்கும்.

இதில் மொழியின் வாழ்வும் அடங்கியிருக்கிறது. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் இந்தியர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காடு, 2020இல் 27.3 விழுக்காடு. இச்சரிவுக்குக் காரணங்கள் பல. வீட்டின் அமைப்பே காரணமென்று சொல்வது மிகையாகும். ஆனால் பாட்டியும் பேரனும் ஒரு மேசையில் அமராத வீட்டில் எந்த மொழிதான் பேசப்படும்? அறைக்கொருவராய்க் கதவடைத்துக் கிடக்கும் வீட்டில் தமிழுக்கு வாய் எங்கே, செவி எங்கே? பேச்சுக்கு முதலில் வேண்டியது இடம்.

ஆசிரியர்க்கு ஒரு பணி

இதைத் திருத்தும் ஆற்றல் வகுப்பறைக்கு உண்டு. ‘எனது இல்லம்’ என்னும் தலைப்பு ஆண்டுதோறும் மாணவர்க்குத் தரப்படுகிறது. ‘என் வீடு அழகானது, அதில் வரவேற்பறை, சமையலறை, மூன்று படுக்கையறைகள் உள்ளன’ என்று நாற்பது தாள்களிலும் ஒரே வாக்கியம் வருகிறது. அத்தலைப்புக்கு மாறாக, ‘உன் வீட்டில் நீ படிக்கும் இடம் எது? உன் பாட்டி பகலில் எங்கே அமர்வார்? உன் தாய் சமைக்கும்போது யாரோடு பேசுவார்?’ என்று கேட்கப்படட்டும். வீட்டை அளந்து வரையச் சொல்லட்டும். கணக்கும் தமிழும் அங்கே கைகோக்கும். அன்று மாலை அந்த வரைபடம் பெற்றோர் கைக்குப் போய்ச் சேரும். எந்தக் குத்தகையாளரும் கேட்காத கேள்வியை அக்குடும்பத்தின் பிள்ளையே கேட்கும்.

காலமும் இதற்குத் துணை நிற்கிறது. 2024 அக்டோபரில், கல்லாங் - வாம்போ வட்டாரத்தின் கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில், அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்களே இல்லாத வீடுகளைக் கழகம் சோதனை முறையில் விற்பனைக்கு விட்டது. சுவர் எங்கே வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை வீட்டாரிடமே தரப்பட்டிருக்கிறது. ‘சுவர் தடுக்கிறது’ என்னும் சாக்கு அங்கே செல்லாது. வெற்றுத் தரை ஒரு வினாத்தாள். தம் வாழ்வை அறிந்தவர் அதில் வீட்டை எழுதுவர். அறியாதவர் அதிலும் ஒரு காட்சிக்கூடத்தையே எழுதி முடிப்பர்.

பிள்ளைகள் கற்கும் இடத்திற்குத் தமிழர் பள்ளிக்கூடம் என்று பெயரிட்டனர். அங்கே அவர்கள் கூடுகின்றனர், கூடிக் கற்கின்றனர். பள்ளி முடிந்து அவர்கள் திரும்பும் வீட்டிலும் ஒரு கூடம் இருக்க வேண்டும். வருபவர் வரட்டும், அவர்க்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் அந்த இடம் முதலில் வாழ்பவருடையதாக இருக்கட்டும்!